கணக்கு வரவில்லை என்று மகளைப் பினாங்குக்குக் கூட்டிப்போன கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மகளும் பினாங்குக்குப் போய் வந்தோம். வழக்கமாக எங்கே போனாலும் இரண்டு நாளில் இங்கே எழுதிவிடுவேன். இந்த முறை மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் ஆத்திரத்தில் கண்டபடி தட்டுவேன், பிறகு அழித்துவிட்டுப் படுக்கப் போவேன். இப்போது மட்டும் ஆறிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தக் கணக்கு ஆராய்ச்சி நிகழ்ச்சிக்குப் போகலாமா அக்கா" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவாவது எழுதியாக வேண்டும்.

முதலில் ஏன் போனோம் என்பது. மகள் கவிஷா எங்கள் பாரிட் புந்தார் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆண்டின் நடுவில் அவளுடைய வகுப்பாசிரியர் எங்களைக் கூப்பிட்டு, இவளுக்குக் கணக்கு ஏறவில்லை, குறைநீக்கல் வகுப்பில் போடலாம் என்று இருக்கிறோம், பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றார். மற்ற பிள்ளைகள் கணக்குப் படிக்கும் நேரத்தில் பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு அது. பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கிற பெயர் மக்கு கிளாஸ். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று ஒரு வாரம் கொடுத்தார்.

கணவர் போட்டுவிடலாம் என்றார். நான் முடியாது என்றேன். பிறகு அவர் வேண்டாம் என்றார், எனக்குப் பயம் வந்து போட்டுவிடலாமோ என்றேன். இப்படியே மூன்று நாள் போனது. அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. குழந்தைகள் கணக்கை எப்படிக் கற்கிறார்கள், ஆசிரியர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள், அந்த நேரத்தில் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்கிறவர்கள் ஜார்ஜ் டவுனில் கூடுகிறார்கள். சனிக்கிழமை மட்டும் பெற்றோரும் வரலாம். பெற்றோருக்கு நாற்பது வெள்ளி (ரிங்கிட்), பிள்ளைக்கு இலவசம். பிள்ளை இலவசம் என்று போட்டிருந்தால் ஏன் இலவசம் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கோபம் புரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. அப்பா 12 தேங்காய் வாங்கினார், கோயிலில் 5 தேங்காயை உடைத்தார், மீதம் எத்தனை தேங்காய்? கவிஷா எழுதிய பதில்: 7 தேங்காய், 5 மூடி. எங்கள் ஊர்க் கோயிலில் அர்ச்சனைக்கு உடைத்தால் ஒரு மூடி கோயிலுக்கு, ஒரு மூடி தட்டோடு திரும்பி வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் பார்க்கிற பிள்ளை. பார்த்ததை எழுதியிருக்கிறாள். வகுப்பாசிரியர் சிவப்புப் பேனாவில் குறுக்கே கோடு போட்டுப் பூஜ்யம் கொடுத்திருந்தார். போய்க் கேட்டதற்கு, "ஏழுன்னு எழுதுனா முடிஞ்சு போச்சு. இவ கதை எழுதுறாம்மா" என்றார். அவரும் அதே கோயிலுக்கு வருகிறவர். மூடியைத் தட்டில் வாங்கிக்கொண்டு போகிறவர்.

அதற்குப் பிறகுதான் டியூஷன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் கடைக்கு மேல் மாடியில் நடத்துகிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவரைப் பிள்ளைகள் அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள். அவருடைய முறை இதுதான்: கணக்கைப் படிக்காதே, எண்ணை வட்டம் போடு, சொல்லைத் தேடு. "மொத்தம்" என்று இருந்தால் கூட்டு, "மீதம்" என்று இருந்தால் கழி, "ஒவ்வொரு" என்று இருந்தால் பெருக்கு. மேசையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும், மணி அடித்தால் பென்சிலைக் கீழே வைக்க வேண்டும். கவிஷாவுக்கு இரண்டு மாதத்தில் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாலே கை நின்றுவிடும் நிலைக்கு வந்து, அந்த மதிப்பெண்ணும் இறங்கியது. ஆண்டு நடுவில் அவள் வெறும் தாளைக் கொடுத்த பிறகுதான் குறைநீக்கல் பேச்சு வந்தது.

சரி, பயணம்.

பாரிட் புந்தாரிலிருந்து காலை ஏழு மணி வாக்கில் கொமுட்டர் ரயில் ஏறினோம். பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். எனக்கு ஐந்து வெள்ளி சொச்சம், கவிஷாவுக்கு அதில் பாதி. ரயிலில் குளிர் அதிகம், பிள்ளைகளுக்கு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மேல்சட்டை, குடை, வாந்தி வந்தால் பிளாஸ்டிக் பை, காய்ச்சல் மருந்து, ஒரு மாற்றுடை என்று ஒரு பெரிய பையே கொண்டுபோனேன். கணவர் பார்த்துவிட்டு, குடிபோகிறீர்களா என்று கேட்டார். புக்கிட் மெர்தாஜாமில் கூட்டம் ஏறியது. அதுவரை உட்காரத் தாராளமாக இடம் இருக்கும்.

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு மேலே மூடிய நடைபாதை இருக்கிறது. மழை, வெயில் இரண்டுக்கும் கவலை இல்லை. படகில் ஆளுக்கு இரண்டு வெள்ளி வாங்கினார்கள், பிள்ளைக்குக் குறைவு. நாங்கள் போன அன்று காசாக வாங்கவில்லை, அட்டையோ போனோ வேண்டும். கடலைக் கடக்கக் கால் மணி நேரம் கூட ஆகாது. கவிஷா கண்ணாடி ஓரம் போய் நின்று, தண்ணீரில் மிதந்த குப்பையைக் காட்டி, இது எந்த ஊர்க் குப்பை, அந்தப் பக்கத்ததா இந்தப் பக்கத்ததா, யார் எடுக்கணும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இந்தப் பிள்ளையைத்தான் யோசிக்கத் தெரியாது என்கிறார்கள். நான் அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறாள் என்று தெரியும், இருந்தாலும் பிடித்துக்கொண்டேன்.

படகுத்துறையிலிருந்து மண்டபம் ஜாலான் பர்மா பக்கம். இலவசப் பேருந்து இருக்கிறது, ஆனால் தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில் போனில் கார் கூப்பிட்டேன். ஒன்பது வெள்ளி. ஓட்டியவர் தமிழர், ஐம்பது வயது இருக்கும். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னேன்.

"கணக்குப் படிக்க ஆராய்ச்சியா? நான் பள்ளியில கணக்குல முட்டை தங்கச்சி. இப்ப பாரு, காரு ஓடுது, சோறு கிடைக்குது லா."

நான் சிரித்து வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடியில் கவிஷாவைப் பார்த்து, "பொம்பளப் புள்ளதானே, வாய் இருந்தா பொழச்சுக்கும்" என்றார். பையனாக இருந்தாலும் இதையே சொல்வீர்களா அண்ணே என்று கேட்டேன். அவர் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். இறங்கும்போது கவிஷா என் காதில், வாய் இருந்தால் கணக்கு வேண்டாமா என்று கேட்டாள். இரண்டும் வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

மண்டப வாசலிலேயே பெயர் பதிவு. போனில் ஒரு பக்கம் திறந்து, கீழே வரை தள்ளி, சம்மதம் என்று தொட வேண்டும். கவிஷாவுக்கு அவசரமாகக் கழிவறை. நான் படிக்காமல் தொட்டேன். பிறகு பிள்ளைகளை மாடியில் ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். கேமரா வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். அழைத்துப்போனது தமிழ் பேசுகிற கல்லூரி மாணவி, நல்ல சுபாவம். கவிஷா திரும்பிப் பார்க்காமல் அவளோடு போய்விட்டாள், நான்தான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பேச்சு. பேசியவர் கோலாலம்பூரிலிருந்து வந்த விரிவுரையாளர், நம்மவர், நாற்பத்தைந்து வயதுப் பெண். எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே தமிழும் மலாயும். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கணக்குப் போடும்போது எண்களை மனதில் ஒரு சின்ன இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். பயம் வந்தால் அந்தச் சின்ன இடத்தைப் பயமே பிடித்துக்கொள்ளும், கணக்குக்கு இடம் இருக்காது. தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்பது அதனால்தான். சின்னப் பிள்ளை விரல்விட்டு எண்ணுவது மக்குத்தனம் இல்லை, எண்ணை உடம்பில் பிடித்து வைக்கிற வழி. வேகம் வேறு, புரிதல் வேறு. இதெல்லாம் பல காலமாக ஆராய்ந்து பார்த்த விஷயங்கள், புதிது இல்லை என்றும் சொன்னார்.

புதிது இல்லை என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். அப்படியென்றால் இந்த நாட்டில் யாருக்கோ இது தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்கும்போதே என் மகள் போன் கடை மாடியில் கடிகாரத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாடு அங்கேயே கொடுத்தார்கள். பிரியாணி என்று பெயர், காரம் அதிகம். பிள்ளைகளுக்கு வேறு எதுவும் இல்லை. நான் கொண்டுபோன ரொட்டியைத்தான் கவிஷா சாப்பிட்டாள். காலையில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். நிறையக் கணக்கு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன், ஒன்றைக்கூட விடவில்லை என்றாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அது நடந்தது. கவிஷாவும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மறுபடி மேடைக்கு வந்தார். பிள்ளைகளைக் கதைக்கணக்குப் போட வைக்கும் விதத்தில் நாம் அவர்களுக்கு உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் பாருங்கள், இது இன்று காலையில் இதே கட்டடத்தில் எடுத்தது என்று சொல்லி, திரையில் ஒரு வீடியோவைப் போட்டார். முகத்தை மறைத்திருந்தார்கள். அந்தக் கல்லூரி மாணவியின் குரல் கேட்டது: ஒரு தோட்டத்தில் பதினெட்டு டுரியான் மரமும் ஏழு ஜாதிக்காய் மரமும் இருக்கின்றன, தோட்டக்காரருக்கு என்ன வயது?

ஒரு நொடி கூட இல்லை. "இருபத்தஞ்சு."

மண்டபமே சிரித்தது. முகத்தை மறைத்தால் தாய்க்குத் தெரியாதா? அந்தக் குரலை வயிற்றில் இருக்கும்போதிருந்தே தெரிந்த மாதிரி எனக்குத் தெரியும். என் முன்வரிசையில் கழுத்தில் பள்ளி அட்டை தொங்க உட்கார்ந்திருந்த ஒருவர், பக்கத்தில் அதே அட்டையோடு இருந்தவரிடம், "நல்லவேளை கூட்டுச்சு. கழிச்சிருந்தா தோட்டக்காரன் பதினொரு வயசுப் பையனாப் போயிருப்பான்" என்றார். அவரும் சிரித்தார், இவரும் சிரித்தார். இவர்கள் இருவரும் ஆசிரியர்கள். தினமும் இப்படிக் கூட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்கள்.

கவிஷா என் கையைத் தொட்டாள்.

"அம்மா, அது நான். ஏன் சிரிக்கிறாங்க? தப்பா?"

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். பெற்றோர் சங்கக் கூட்டத்தில்கூடக் கைதூக்கியது கிடையாது.

"டாக்டர், அந்தக் குரல் என் மகளோடது. இங்கதான் உட்கார்ந்திருக்கா. சிரிச்சவங்க கொஞ்சம் திரும்பி, இவ முகத்தைப் பார்த்துச் சிரிங்க."

யாரும் திரும்பவில்லை. முன்வரிசைக்காரர் கழுத்து அட்டையைச் சட்டைப்பைக்குள் விட்டார். டாக்டர் வீடியோவை நிறுத்தினார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, பதிவு செய்யும்போது முகம் மறைத்துப் பயன்படுத்தச் சம்மதம் கேட்டிருந்தோம், இந்தச் சிரிப்பு பிள்ளையைப் பார்த்து இல்லை, நம்மைப் பார்த்து நாமே சிரிப்பது என்றார்.

"நம்மளப் பார்த்து நாமளே சிரிக்கிறதுக்கு இவ குரல் எதுக்கு டாக்டர்?"

வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். நான் பையைத் தூக்கிக்கொண்டு, கவிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே நடைக்கூடத்தில் தேநீர் மேசை. அங்கே வந்ததும் அழுகை வந்துவிட்டது. கவிஷா என் பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள். இதற்காகவாவது அந்தப் பெரிய பை பயன்பட்டது. இவ்வளவு தூரம் வந்து என்ன பதில் கிடைத்தது? திங்கட்கிழமை என்ன சொல்வது? கிடைத்தது ஒன்றுதான். என் மகள் ஒன்றும் யோசிக்காமல் கூட்டுகிறாள் என்று ஊருக்கே காட்டியாகிவிட்டது.

இடைவேளையில் டாக்டர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். திட்டத் தயாராக இருந்தேன். அவர் என்னிடம் எதுவும் பேசாமல், சேலையோடு தரையில் உட்கார்ந்து, கவிஷாவிடம், நீ சொன்ன பதிலைப் பற்றிக் கேட்கலாமா என்று தமிழில் கேட்டார். கவிஷா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், எனக்கே ஏனென்று தெரியவில்லை.

"எப்படி இருபத்தஞ்சு வந்துச்சு?"

"சொல் எதுவும் இல்ல. சொல் இல்லாட்டிக் கூட்டிடணும்னு டியூஷன் அண்ணன் சொல்லிருக்காரு."

"சரி. அந்தத் தோட்டக்காரருக்கு இருபத்தஞ்சு வயசுதான் இருக்குமா?"

கவிஷா சிரித்துவிட்டாள். "இல்ல லா. வயசானவரா இருப்பாரு. டுரியான் மரம் பெருசாக ரொம்ப நாள் ஆகும். அவரே நட்டிருந்தா, தாத்தா மாதிரி இருப்பாரு. வாங்கின தோட்டமா இருந்தா தெரியாது."

"அப்புறம் ஏன் கண்ணு இருபத்தஞ்சுன்னு சொன்ன?"

"அது கணக்குக்குச் சொன்னது. இப்ப நீங்க நிஜமாக் கேக்குறீங்க."

எட்டு வயதுப் பிள்ளை இரண்டு உலகத்தைத் தனித்தனியாக வைத்திருக்கிறாள். ஒன்றில் யோசிக்கலாம், இன்னொன்றில் யோசித்தால் பூஜ்யம். எது எங்கே என்று நாம் கற்றுக்கொடுத்ததை அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் தேங்காய் மூடியைச் சொன்னேன். டாக்டர் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். அந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை, கேள்வி போட்டவரைவிட இவள் அதிகம் யோசித்திருக்கிறாள் என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. இதெல்லாம் பல காலமாகத் தெரியும் என்று காலையில் சொன்னீர்களே, ஏன் எங்கள் பள்ளிக்கு வந்து சேரவில்லை என்று கேட்டேன். கட்டுரை எழுதுகிறோம், கூட்டம் நடத்துகிறோம் என்றார்.

"யாருக்கு டாக்டர்?"

அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "பெரும்பாலும் எங்களுக்கேதாம்மா."

பொய் சொல்லாத ஒரே காரணத்துக்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தேன். முழுக்க இல்லை.

குறைநீக்கல் வகுப்பைப் பற்றியும் கேட்டேன். ஒரு நாள் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையை இப்படி அப்படி என்று சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் போய் அந்த அறையைப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள், கடிகாரம் இருக்கிறதா, இது எப்படி வந்தது என்று ஆசிரியர் கேட்கிறாரா, பிள்ளை சொன்னதைக் கேட்கிறாரா என்று பாருங்கள், பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்றார். பெயர் உங்கள் பிள்ளைக்கு வைக்கப்படவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அங்கிருந்து இலவசப் பேருந்து பிடித்து லிட்டில் இந்தியா பக்கம் இறங்கினோம். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும், பிள்ளையோடு நடக்க அதுதான் சரியான நேரம். மார்க்கெட் ஸ்திரீட்டில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குயின் ஸ்திரீட் மூலையில் ஒரு கடையில் இரண்டு தோசை, ஒரு தே தாரிக் டீ, காய்கறி வடைக் கலவைமேல் குழம்பு ஊற்றின பசம்பூர் ஒன்று, எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது வெள்ளி. பசம்பூரில் குழம்பைத் தனியாகக் கேளுங்கள், பிள்ளைகளுக்கு உறைக்கும். பரிமாறின அக்கா கவிஷாவிடம் எத்தனையாவது படிக்கிறாய், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். கணக்கு என்றாள். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே குனிந்துகொண்டேன். அழுதால் அந்த அக்கா சட்னிதான் காரம் என்று நினைத்திருப்பார்.

ஆறரைக்குப் படகு, அப்புறம் ரயில். சனிக்கிழமை மாலை ரயிலில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், ஒரு ரயிலை விட்டு அடுத்ததில் ஏறினோம். கணவர் மோட்டார் சைக்கிளோடு நிலையத்தில் நின்றார். என்ன சொன்னார்கள் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இதே மாதிரி போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். பேச்சுக்காகப் போகலாம், கண்டிப்பாகப் போங்கள். பாரிட் புந்தார் பக்கத்திலிருந்து போய் வரவும் சாப்பாட்டுக்கும் எங்களுக்கு நுழைவுக்கட்டணத்தோடு தொண்ணூறு வெள்ளிக்குள் முடிந்தது. பிள்ளையைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைப்பதற்கு முன், அந்தப் படம் எங்கே ஓடும், யார் பார்ப்பார்கள், அன்றைக்கே போடுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். போனில் வருகிற சம்மதப் பக்கத்தை முழுதாகப் படிக்காமல் தொடாதீர்கள். கழிவறைக்குப் போய்விட்டு வந்து தொடுங்கள், யாரும் ஓடிவிட மாட்டார்கள். பதில் சொன்ன பிள்ளையிடம் "ஏன்" என்று யாராவது கேட்டார்களா என்று விசாரியுங்கள். கேட்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள், முடிந்தால் வீட்டுக்குப் போகும் வழியில், சோறு ஊட்டும்போது, கடிகாரம் இல்லாத இடத்தில். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். சம்மதம் சொல்வதற்கு முன் அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். வகுப்பாசிரியருக்கு முகம் மாறியது, ஆனால் கூட்டிப்போனார். சாமான் அறைக்குப் பக்கத்தில், பழைய மேசைகளுக்கு நடுவே சின்ன அறை. ஆறு பிள்ளைகள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது டீச்சர் ஒருவர். பிள்ளைகள் மேசையைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்கள், ஒருவனுக்கு எட்டு வந்தது, இன்னொருத்திக்கு ஒன்பது, இருவரும் சண்டை. அவர் தீர்ப்பு சொல்லாமல், ஏன் வேறு வேறாக வருகிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். சுவரில் கடிகாரம் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"இங்க பாடம் எங்களைத் துரத்தாதுக்கா. முடிக்கச் சொல்லி யாரும் வர மாட்டாங்க. மறந்துட்டாங்கன்னே வச்சுக்குங்களேன்" என்று சிரித்தார்.

அங்கேயே சம்மதம் சொன்னேன். டியூஷனை அன்றைக்கே நிறுத்தினேன். திரும்பி வரும்போது வகுப்பாசிரியர், நல்ல முடிவும்மா, அவளால இவ்வளவுதான் முடியும், நம்மளும் ஏத்துக்கணும் என்று ஆறுதல் சொன்னார். எனக்கு அவர் ஆறுதல் சொன்னதுதான் தாங்கவில்லை. அங்கே நின்று கத்தியிருப்பேன். கவிஷா தினமும் அவர் வகுப்பில்தான் மற்ற பாடமெல்லாம் உட்கார வேண்டும் என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இந்தக் கட்டுரையில் பாதி அன்றைக்கு அங்கே சொல்லாமல் விழுங்கியது.

அவள் அந்த அறைக்குப் போகத் தொடங்கி இப்போது இரண்டு வாரம் ஆகிறது. பள்ளிப் பேருந்தில் கூட வரும் பிள்ளைகள் மக்கு கிளாஸ் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாள் அழுதாள். போன புதன்கிழமை சாப்பிடும்போது, இன்றைக்கு டீச்சர் என் பதிலுக்கு ஏன் என்று கேட்டார்கள், எனக்கு உடனே வரவில்லை, மற்ற பிள்ளைகள் சொல்ல வந்தபோதும் அவர்களைச் சொல்லவிடவில்லை என்றாள்.

"அப்புறம்?"

"காத்துக்கிட்டு இருந்தாங்கம்மா."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

ஒரு பிள்ளை யோசித்துப் பதில் சொல்வதற்கு ஒரு பெரியவர் காத்திருந்தார். நடந்தது அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பு கிடைக்க என் மகள் முதலில் மக்கு என்று பெயர் வாங்க வேண்டியிருந்தது. கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்த மற்றவர்கள் எல்லாரும் பக்கத்து வகுப்பில் இன்னும் எண்ணை வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை.